நூற்று அறுபது மணி நேரம்

குதிரைத் தண்ணீர் என்று பேர் எங்கள் ஆற்றுக்கு.
லெந்தேகிக்கு மேலே, காக்கசஸின் மடிப்பில்,
அது எழும்பும் உயரத்தை அளப்பது என் வேலை.
நான் அளப்பதில்லை.
பாலத்துக்கடியில் ஒரு கருவி,
கொட்டகையில் தூசி மூடிய ஒரு கணினி;
இவ்வளவு சென்டிமீட்டர் என்று
அது சொல்லும் உலகத்துக்கு.

போன வசந்தம் வரை அதற்கு ஒரு பெயர் இருந்தது.
ஆண்டுச் சந்தா கட்டும் கோப்பு
திபிலீசியில் ஏதோ மேசையில் தூங்கிவிட,
பெயரைச் சூதாட்டக்காரன் எவனோ எடுத்துக்கொண்டான்.
தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கப் போனவர்களுக்குச்
சக்கரம் சுழன்றது. சிவப்பா, கறுப்பா?

எண் மட்டும் மிஞ்சியது.
பாலத்துத் தூணில் வெள்ளைப் பெயின்டால் எழுதினேன்:
இருநூற்று மூன்று, புள்ளி,
பூஜ்யம், புள்ளி,
நூற்றுப் பதின்மூன்று, புள்ளி,
ஏழு.

ஊர் பேர் தெரியாத எண்ணை எந்த உலாவியும் நம்பவில்லை.
திரை முழுக்கச் சிவப்பு. ஆபத்து, திரும்பிப் போ.
ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன்:
பயப்படாதே, கீழே பொடி எழுத்தில் இருக்கும்,
பரவாயில்லை தொடர்கிறேன் என்று; அதை அழுத்து.
எச்சரிக்கை நிலையத்துக்காரி நான்,
எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழக்கினேன்
ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும்.

போந்தோ மட்டும் சொன்னதைக் கேட்கிற ஆள்.
திரும்பிப் போ என்றது; பக்கத்தை மூடினான்.
மூடிவிட்டுத் தரைப்பாலத்தில் லாரியை இறக்கினான்.
ஹேசல் கொட்டை பதினெட்டு மூட்டை.
மறுநாள் ஒற்றைப் பூட்ஸோடு
கொட்டகை வாசலில் நின்றான்.
"மக்வாலா, உன் பக்கம்தான் ஆபத்து என்றது. நம்பினேன்."
என்னிடம் பதில் இல்லை.
தேநீர் இருந்தது, கொடுத்தேன்.

பெயர் உள்ளவர்களுக்கு நெடுநாளாகவே இலவசம் அந்தச் சான்றிதழ்.
எண்ணுக்கென்றால் காசு, கடிதம், முத்திரை, காத்திருப்பு.
இந்த மார்ச்சில்தான் தெரிந்தது,
எண்ணுக்கும் தருகிறார்களாம், சும்மா.
அப்பன் பேர் கேட்கவில்லை, கோப்பு கேட்கவில்லை.
அர்த்தமில்லாத ஒரு சொல்லைக் கொடுத்து
இதை உன் எண்பதாம் கதவில் மாட்டு,
வந்து பார்க்கிறோம் என்றார்கள்.
வந்தார்கள். ஒரே நேரத்தில்
எங்கெங்கிருந்தோ நாலைந்து தட்டல்.
எல்லாக் கண்ணுக்கும் ஒரே சொல் தெரிந்தது.
அவ்வளவுதான் சாட்சி.

கெடு நூற்று அறுபது மணி நேரம்.
ஆறு நாளும் கொஞ்சம் மிச்சமும்.
எரிச்சலாக வந்தது. கடையில் வாங்கும் பாலே
அதைவிட அதிக நாள் தாங்கும்.
பிறகு யோசித்தேன். எண் வாடகை வீடு.
நாளை வேறு எவனாவது குடிவரலாம்;
காலிசெய்தவளின் கையெழுத்து
ஆண்டுக்கணக்கில் கதவில் ஒட்டியிருக்கக் கூடாது.
ஆறு மட்டும் என்ன,
நேற்றைய அளவை வைத்து இன்று யார் இறங்குவார்?

கொட்டகைக்குள்ளே மட்டும் புழங்கும் எண்ணுக்கும்
ஒன்று கேட்டுப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது.
முடியாது என்றார்கள்.
வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பேருக்கு
வெளியார் எப்படிச் சாட்சி சொல்வது? நியாயம்தான்.

இப்போது மூன்று நாளுக்கொரு முறை, நான் தூங்கும்போது,
கணினி தானே எழுந்து சொல்லை மாட்டி,
தட்டுகிறவர்களுக்குக் காட்டி,
புதுச் சத்தியம் வாங்கிக்கொள்கிறது.
மின்சாரம் இருந்தால். எங்கள் ஊரில்
அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் பனி உருகிய ஓர் இரவு போந்தோ அழைத்தான்.
"மக்வாலா, சிவப்பே வரவில்லை.
உன் மெஷின் செத்துவிட்டதா?"
என்ன தெரிகிறது, சொல்.
"முந்நூற்று நாற்பது. ஏறுகிறது."
வண்டி எங்கே?
சற்று நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.
"இந்தக் கரையில்" என்றான்.