செவ்வாயில் செய்த சனி

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு
கிளீவ்லாந்தில் சனி இரவு தொடங்கிவிடும்.
பாதி சாண்ட்விச்சை ஓரம் வைத்துவிட்டு
லெராய் பெட்டிகுரூ கத்துவார்:
"ஆடுங்கள் அமெரிக்கா!"
கண்ணாடிக்கு அப்பால்
வாண்டா கொட்டாவி விடுவாள்.

முதலில் ஒன்பது நிலையங்கள்.
பிறகு நூற்றுப் பதினான்கு.
நாடாச் சுருள் போய் இசைத்தட்டு, அதுவும் போய்ச் செயற்கைக்கோள்.
ஆனாலும் வாண்டாவின் நாக்கில்
தபால்தலைப் பசை ருசி.

எண்பத்து மூன்றில்
பனிப்புயலில் மாட்டிய ஒரு சுருள்
ஃபார்கோவுக்குத் திங்களன்றுதான் வந்தது.
அன்றிரவே போட்டுவிட்டார்கள்.
பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒருத்தி எழுதினாள்:
"எனக்கு விடுமுறையே திங்கள்தான்.
உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் போடவில்லை லெராய்.
கடிதத்தை மைக்கின் கழுத்தில் ஒட்டினார்.
அடுத்த செவ்வாய்
அமெரிக்காவை விட்டுவிட்டு
"ஆடு" என்றார்,
ஒருமையில்.