ஜீரோ பாத்துக்குங்க

"ஜீரோ பாத்துக்குங்க" என்பேன்.
பார்க்க மாட்டார்கள்.
கடலூரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டி
லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் பிடிக்க வந்தவர்
அந்த மிச்சம் எதிர்க்கடையில் குவார்ட்டராகும் வரை
மீட்டரைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார்.

முள்ளோடை பங்க்கில் எனக்கு ஆறு வருடம்.
நிற்பது பாண்டி. படுப்பது தமிழ்நாடு.
நடுவில் வாய்க்கால்.
வாய்க்காலுக்குக் குறுக்கே
தானே புயலில் விழுந்த சிமென்ட் மின்கம்பம்.
எந்த சர்க்காருடையது என்று தெரியாததால்
இரண்டு சர்க்காரும் அதை எடுக்கவில்லை.
அதன்மேல் நடந்துதான் வேலைக்கு வருகிறேன்.

அக்கரையில் என் ஓரகத்தி அஞ்சலாட்சி.
அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது
அவளுக்கு ஒரு சட்டசபை வந்தது, எனக்கு ஒன்று.
எனக்கு மாதம் ஆயிரம், ரேஷனில் அரிசி.
அவளுக்கு ரொம்ப நாள் அரிசிக்குப் பதில் மெசேஜ்தான்.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை,
என் வேலைதான் அந்த பஸ் வராத பக்கம்.
அவள் கடைசியாக கொம்யூனுக்கு ஓட்டுப் போட்டபோது
இடுப்பில் இருந்த பையனுக்கு
இப்போது பெண் பார்க்கிறார்கள்.
எனக்கு மெம்பர் உண்டு.
காதுகுத்துக்கு வருவார், ஐநூறு மொய் எழுதுவார்,
வாய்க்காலைக் கேட்டால்
"அது பாண்டி வாய்க்காம்மா" என்பார்.

கார்த்திகை மழையில் அதில் ஓர் எருமைக்கன்று
செத்து வந்து கம்பத்தில் முட்டி நின்றது.
வாடை அடித்தால் நாற்றம் எங்களுக்கு,
தென்றல் அடித்தால் அவர்களுக்கு.
மூன்றாம் நாள் இரண்டு பக்கத்திலிருந்தும்
நோட்டோடு ஒவ்வோர் ஆள் வந்தார்கள்,
கைக்குட்டைக்குள் பேசிக்கொண்டார்கள்.
கன்றின் காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு எண்.
அந்த எண்ணைத் தட்டினால்
அது யார் வீட்டுக் கன்று, எப்போது ஊசி போட்டது
எல்லாம் டெல்லியில் தெரியுமாம்.
முள்ளோடையில் சிக்னல் இல்லை.
ராத்திரி நானும் அஞ்சலாட்சியும்
கயிறு கட்டி இழுத்துப் புதைத்தோம்.
எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்.

தேர்தல் வந்தால் எங்களுக்கு டோக்கன் சீசன்.
பைக்குக்கு இருநூறு.
காலையில் ஒரு கலர், மத்தியானம் ஒரு கலர்,
சில பையன்கள் இரண்டிலும் வருவார்கள்,
துண்டை மட்டும் சீட்டுக்கடியில் மாற்றிக்கொண்டு.
நான் ஒன்றும் சொல்வதில்லை, நாசில் ஒன்றுதான்.
அஞ்சலாட்சி பக்கம் பெட்ரோல் மலிவு, ஓட்டு விலை அதிகம்.
எங்கள் பக்கம் தலைகீழ்.
அதற்காக எங்களுக்குள் ஒருமுறை சண்டையே வந்தது.

மாநில அந்தஸ்து வாங்காமல் ஓயமாட்டோம் என்று
கண்ணாடியில் ஒட்டிய கார் ஒன்று வரும்.
ஃபுல் டேங்க். கணக்கில் எழுதச் சொல்லும்.
சட்டசபையில் தீர்மானம் போட்டு
டெல்லிக்கு அனுப்பிவிட்டோம் என்பார் உள்ளே இருப்பவர்.
போன தடவையும் அனுப்பினீர்களே என்றேன்.
"அது வேற தீர்மானம்."
கார் பாக்கி பதினோராயிரத்துச் சொச்சம்.

ஓட்டுக்கு முந்தின மாதமெல்லாம் விலை அசையாது.
எண்ணி முடித்து மாலை வாடுவதற்குள் அசையும்.
மேனேஜர் ராஜமாணிக்கம் "உலகச் சந்தை" என்பார்.
இருக்கலாம்.
முள்ளோடைத் தேர்தல் தேதியை
உலகச் சந்தைக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்?

நேற்று ஸ்கூட்டியில் ஒரு பெண்,
தாகூர் காலேஜ் அட்டை கழுத்தில்.
"ஜீரோ பாத்துக்குங்க" என்றேன்.
பார்த்தாள்.
"அக்கா, பதினாறு ரூபாய்ல நிக்குதே."

திரும்பினேன். நின்றுகொண்டுதான் இருந்தது.
ஆறு வருடம் வாய் சொல்லியிருக்கிறது.
கண் எங்கே போயிருந்தது, தெரியவில்லை.
இதற்கு முன் எத்தனை பதினாறு,
யார் யார் தலையில்.

"சாரிம்மா" என்று அழித்துவிட்டு
மறுபடி மூன்று முறை பார்த்தேன்.
அதற்குள் பின்னால்
கொடி கட்டிய வண்டி ஹாரன் அடித்தது.