அச்சு முறிந்த இடம்

கப்பல் தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது
மூன்று பாய் அகலம்.
கிள்ளான் துறையில் இறங்கி, ரயிலேறி,
கோலாலம்பூரில் இரண்டு மாட்டுவண்டி.
முன்வண்டியில் கொளஞ்சியின் அண்ணன் குடும்பம்.
பின்வண்டியில் கொளஞ்சி, புருஷன்,
அரை மூட்டை அரிசி, ஆறுமாத வயிறு.

சுங்கை பீசிச் சேற்றில் அச்சு முறிந்தது.
"காலையில ஆளனுப்புறேன்" என்று
இருட்டுக்குள் போனது முன்வண்டி.

நான்கு நாள் மழை.
ஐந்தாம் நாள் ஈயக்குட்டையில்
மண் சுமக்க ஆள் தேடினார் ஒரு தவுக்கே.
அண்ணன் அனுப்பிய ஆள் வந்தபோது
கொளஞ்சி உலை வைத்திருந்தாள்;
வண்டிப் பலகைதான் கதவு.

அவர்கள் காஜாங்கில் ரப்பர்.
நாங்கள் ஈயம்.
பத்திரிகை மட்டும் போய்வரும்.

நேற்று அவர்கள் வீட்டுச் சாவுக்குக் கிளம்பினேன்.
சுங்கை பீசி டோலில்
ஒரு மணி நேரம்
கார் நகரவேயில்லை.