தலையணைக் கணக்கு

புதுவயலில் வண்டியை நிறுத்தும்போதே
அவிக்கிற நெல்லின் ஆவி ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிடும்.
ரைஸ்மில் சுவரை ஒட்டி மூன்றாவது வீடு.
உள்ளே போனதும் நான் கேட்பது சௌக்கியமா என்றல்ல,
"நேத்து ராத்திரி எத்தனை தலையணை?"

"ரெண்டு" என்பார் அடைக்கலம்.
அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நாச்சம்மை
மூன்று விரலைக் காட்டுவாள்.

விரல்களைத்தான் எழுதிக்கொள்வேன்.

டாக்டர் படம் போட்டுச் சொன்னதை
முதல் நாளே அவர்களுக்கு வேறுமாதிரி சொல்லியிருந்தேன்:
மோட்டார் சரியா இழுக்கலன்னா
தண்ணி எங்கெங்கயோ தேங்கும்ல, அதுதான் இது.
"அப்ப மோட்டாரை மாத்திப்புடலாமா?" என்றாள்.
உவமை சொல்லி மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

புதன்கிழமை எடை ஐம்பத்தெட்டு எழுநூறு.
சனிக்கிழமை அறுபத்தொன்று.
கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன்.
குழி எழும்பவில்லை,
பிசைந்து வைத்த மாவில் போல.

சட்டிகளைத் திறந்து பார்த்தேன்.
அப்பளம் இல்லை, வத்தல் இல்லை,
ஊறுகாய் ஜாடியை எப்போதோ
பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.
"ஒரு கல்லு போடல சிஸ்டர்.
நாலு மாசமா நானும் இதையேதான் திங்கிறேன்."
அழவில்லை. அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

திருப்பூரிலிருந்து மகள், ஸ்பீக்கரில்:
"அம்மா ஒழுங்காப் பாத்துக்கிறாங்களா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மில்லில் ஏதோ ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

நாடி பிடிக்கக் கையைத் திருப்பினேன்.
உள்ளங்கை நடுவில் மஞ்சள் கறை,
ஒரு ரூபாய் அளவு.

முப்பத்தோரு வருஷம் தவசிப்பிள்ளை.
கரண்டியிலிருந்து கைக்கு, கையிலிருந்து நாக்குக்கு.
"கோட்டையூர்ல ஒரு சாந்தி. அறுநூறு இலை.
பயலுக வண்டியில கூட்டிப் போனானுவ.
வேலை ஒண்ணும் செய்யல தாயி,
உப்பு மட்டும் பார்த்தேன்."
எத்தனை சட்டி?
"பதினாலு."
கொஞ்சம் யோசித்து,
"மறுநாள் காலைப் பலகாரமும்."

நாச்சம்மை அகப்பையைக் கீழே வைத்தாள்.
எதுவும் சொல்லாமல் பின்கதவு வழியே போய்
வெயிலில் நின்றுவிட்டு வந்தாள்.

டாக்டரிடம் போனில் பேசி
மூத்திரம் போகிற மாத்திரையைக் கூட்டினோம்.
திங்கள், செவ்வாய், புதன், தினமும் எடை.
போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ருசி பார்த்துத் துப்பிவிடலாமே என்றேன்.
இலையில் கால் வைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வழி சொன்னது அவள்தான்.
"நான் பார்க்கிறேன் உப்பு."

நாலு மாசம் உப்பறியாத நாக்கு.
கல்யாண வீட்டுச் சாம்பாரில் ஒரு சிட்டிகை கூடினாலும்
அவளுக்குப் புருவம் ஏறிவிடுகிறதாம்.
அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
அந்தப் புருவத்தைப் பார்த்து உத்தரவு போடுகிறார்.
ஒரு முகூர்த்தத்துக்கு முந்நூறு ரூபாய்,
அவள் கையில்.

இன்றைக்கு எடை ஐம்பத்தெட்டு நானூறு.
குழி விழவில்லை.
கிளம்பும்போது வண்டி வரை வந்தாள்.
"ராத்திரி அவுக மூச்சை எண்ணிக்கிட்டே கிடக்கேன் சிஸ்டர்.
எத்தனை வரைக்கும் எண்ணுனா நான் தூங்கலாம்?"

எடை, பிரஷர், மாத்திரை, தண்ணீர் அளவு
எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான்.
இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.
ரெண்டு தலையணைன்னா எண்ணாதீங்க, தூங்குங்க.
மூணாவது கேட்டா எனக்கு அடிங்க,
எந்நேரமா இருந்தாலும்.
தலையை ஆட்டினாள். நம்பிய மாதிரி இல்லை.

கண்டனூர் தாண்டவில்லை, போன்.
பதறி ஓரங்கட்டினேன்.
"ஒண்ணுமில்ல சிஸ்டர்.
சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காக.
ஒரே தலையணைதான்."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"பகல்லயும் படுக்கலாமா நான்?"

படுங்க, என்றேன்.