பதினேழாவது வரிசை

இன்றும் கணக்கு உதைக்கிறது.

தெற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக
அடியிலிருந்து குளிர் ஏறிவருகிறது.
அது எளிது; நான்கு சமன்பாடு.
யார் யாரைத் தின்றார்கள் என்பதில்தான்
வால்விஸ் பேயில் இருவர் ஒத்துப்போவதில்லை.

மத்தி போன இடத்தில்
சொறிமீன் வந்து உட்கார்ந்துவிட்டது,
வாடகை தராத குடித்தனமாய்.
அதை உண்பார் இல்லையென்று
பதினேழாவது வரிசை முழுக்கச் சுழியம் போட்டவள் நான்.
முட்டுச்சந்து என்று பெயரும் வைத்தேன்.
ஆனால் ஹேக் மீன் பிழைத்திருக்க வேண்டிய இரை
என் திரையின் கடலில் எங்கும் இல்லை.
ஹேக்கோ கொழுகொழுவென்று
சந்தையில் கிடக்கிறது.

மூன்று மணிக்கு ஹிலேனி வந்தாள்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
தட்டில் ஒரு தாடி உளுவை, விரல் நீளம்.
மூச்சுக்கு வழியில்லாத கந்தகச் சேற்றில்
பகலெல்லாம் படுத்துக் கிடப்பது.
"உன் கணினிக்கு என்றைக்காவது பசித்ததுண்டா, துயாகுலா?"
கத்தி நுனியால் வயிற்றை விரித்தாள்.

உள்ளே
பாதி கரைந்த கண்ணாடி.
சளிபோல் நழுவியது,
கொட்டும் நூல் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.

ஒரு சாண்கூட இல்லாத உடம்பு.
அதற்கும் வயிறு.
என் முட்டுச்சந்தின் சுவரில்
அது போட்டிருந்த ஓட்டை.

சுழியத்தை அழித்தேன்.
அங்கே எவ்வளவு என்று எழுதுவது?
ஒரு மீனை வைத்துக்கொண்டு ஒரு கடலை...
ஹிலேனி தோளைக் குலுக்கினாள்:
"வாளியில் இன்னும் நாற்பது இருக்கிறது."

ஜன்னலில் மூடுபனி. எங்கோ
இழுவைப்படகு ஒன்று துறைக்குத் திரும்பும் சத்தம்.
கணக்கை அதன் பாட்டுக்கு உதைக்க விட்டுவிட்டு
நானும் ஒரு கத்தி எடுத்தேன்.

மூன்றாவது மீனின் வயிறு காலி.
அதையும் எழுதினோம்.