பதிவேட்டில் கட்டம் இல்லை

மக்வாலாவின் முற்றத்திலிருந்து பார்த்தால்
பால் பொங்கி அடுப்பின் பக்கவாட்டில் வழிந்து
யாரும் துடைக்காமல் விட்ட கறை.
அவ்வளவுதான் அருவி.
"இரண்டு மணி நேரம்" என்றாள்.
"நான்கு" என்றார் அவள் கணவர்.
பிறகு இருவரும் ஸ்வான் மொழியில் சண்டை போட்டார்கள்.
குத்தாயிசியில் பிறந்த எனக்கு
அந்த மொழியில் உப்புக்கு என்ன சொல் என்றுகூடத் தெரியாது.

வழிகாட்டி வேண்டாம் என்றுவிட்டேன்.
பதினொரு வருடம் மருத்துவமனையில் இரவுப்பணி.
எந்நேரமும் யாராவது மணியடித்துக் கூப்பிடும் வேலை.
ஒரே ஒரு நாள்
என்னைக் கூப்பிடாத ஒன்றிடம்
நானாகப் போக வேண்டும்.

மக்வாலா மறுக்கவில்லை.
இறைச்சி அடைத்த ரொட்டியைத் துணியில் சுற்றித் தந்தாள்.
அந்த வாசனைக்கோ என்னவோ
வேலிக்கடியிலிருந்து ஒரு நாய் எழுந்து வந்தது.
ஒரு காது முழுசு, மற்றது பாதி.
போ என்றேன். நின்றது.
நடந்தேன். நடந்தது.

பைன் மரங்கள் முடிகிற இடத்தில் எல்லைக் காவல் சாவடி.
கோச்சா என்ற பையன்,
வளர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத மீசை,
அடையாள அட்டையைப் பார்த்து மெதுவாக எழுதினான்.
"தனியாகவா?"
"தனியாகத்தான்."
நாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
அந்தப் பதிவேட்டில் நாய்க்குக் கட்டம் இல்லை.

அப்புறம் ஆறு.
அரிசி களைந்த தண்ணீரின் நிறம்,
வீட்டையே உருட்டிப் போகிற அவசரம்.
பாலம் என்றிருந்தவை இரண்டு மரக்கட்டைகள்.
வெட்கமில்லாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.
நாய் அக்கரையில் கொட்டாவி விட்டது.

பனிச்சரிவு மிதித்த பிர்ச் மரங்கள்
அடிவாரத்தை நோக்கிப் படுத்து வளர்ந்து
ஏதோ ஞாபகம் வந்தாற்போல்
நுனியில் மட்டும் வானம் பார்த்திருந்தன.
ஒவ்வொரு திருப்பத்திலும் அருவி காணாமல் போயிற்று.
திரும்ப வந்தபோது கொஞ்சம் பெரிசு.
கறை கயிறாயிற்று, கயிறு சுவராயிற்று.
சத்தம் மட்டும் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது காதில் வரவில்லை,
பல்லில் வந்தது.

கீழே நின்று அண்ணாந்தேன்.
கழுத்து முடிந்தது, அருவி முடியவில்லை.
உச்சி விளிம்பில் ஒரு கட்டித் தண்ணீரைத் தேர்ந்து
விழுவது வரை கண்ணால் பிடித்துக்கொண்டே வரப் பார்த்தேன்.
நாடி பார்க்கும் பழக்கத்தில் எண்ணினேன்:
ஐந்து, ஆறு, ஏழு.
எட்டில் அது புகையாகி
மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.
மறுபடி வேறொன்று. மறுபடி எட்டு.
ஒன்றைக்கூடத் தரை வரை கொண்டுவர முடியவில்லை.
என் வேலையில் இது பழகிய விஷயம்.
ஆனாலும் அங்கே நின்று அழுதேன்.
நனைந்த முகத்தில் அதற்கென்று தனி ஈரம் இல்லை
என்பது வசதியாக இருந்தது.

நாய் ஒரு பாறையருகே உட்கார்ந்துவிட்டது.
நான் இன்னும் முப்பது அடி போனேன்.
பெட்டி அளவில் ஒரு கல் மேலிருந்து வந்து
முன்னால் இருந்த பனியில் புதைந்தது,
சத்தமே இல்லாமல்.
அத்தனை இரைச்சலில் சாவும்
வாயை மட்டும்தான் அசைக்கும்.

பின்னாலேயே நடந்து திரும்பினேன்.
நாய்க்கு எல்லாம் முன்பே தெரியும் என்று நினைத்து
கண்கலங்கி அருகே போனால்
பை திறந்திருந்தது. துணி மட்டும் மிச்சம்.
ரொட்டிக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது.
திட்டினேன். கேட்டுக்கொண்டது.
பிர்ச் மரங்களுக்குள் நுழைந்து
என்னை விட்டுவிட்டு இறங்கிப் போயிற்று.

சாவடியில் கோச்சா நேரம் குறித்தான்.
போக மட்டும் மூன்று மணி நேரம்.
மக்வாலாவும் தோற்கவில்லை, அவரும் ஜெயிக்கவில்லை.
எஸ்தோனியாவிலிருந்து ஓர் இளம் ஜோடி
கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள்.
"வழிகாட்டி?"
"வேண்டாம்."
மேசைக்கடியில் எதுவோ எழுந்தது.
பாதிக் காது.
யாரென்றே தெரியாதவள் மாதிரி என்னைப் பார்த்துவிட்டு
உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு
அவர்கள் பின்னால் கிளம்பியது.

அருவித் தண்ணீர், சில்லென்று,
முழங்கால் வரைக்கும் எனக்கு.