இடது ஓரம், இரண்டு அங்குலம்

பசுமலை விடுதியிலிருந்து வந்த பையன்
பழைய இங்கிலீஷ் படங்கள் பதினொன்றை இறக்கிவைத்தான்.
பத்தும் அச்சு.
பதினோராவது கையால் வரைந்தது.
தாளைச் சாய்த்தால் மைக்கோடு
எறும்பு போன தடமாய் மினுங்குகிறது.

ஒரு கைம்பெண். வெள்ளைக்காரி.
இருநூறு வருஷத்துக் கறுப்புப் பட்டு.
ஒரு கண்ணில் கைக்குட்டை,
மற்றது கண்ணாடியில்.
மார்பை நீர்வண்ணத்தால் ஊதிவிட்டிருக்கிறான்.
கன்னத்தில் ரோஸ், மூக்கு நுனியிலும் ரோஸ்.
சுவரில் மாட்டிய புருஷன்
பிரேமுக்குள் நின்று முறைக்கிறான்.
இடப்பக்கம் கதவிடுக்கில்
விக் வைத்த இரண்டு பேர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"செம காமெடி, இல்லக்கா?"
எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது.
அவன் கை அப்படி.
ஒரே இழுப்பில் மொத்த இடுப்பு.

தெற்கு மாசி வீதியில் என் கடை
பிரேம் பாதி, முகக்கண்ணாடி பாதி.
அவர் போன பதினேழாம் நாள்
ஷட்டரைத் தூக்கினேன்.
பதினான்கு கண்ணாடியிலும் நான்.
எங்கே திரும்ப?
"பஞ்சவர்ணம் அலங்காரத்த ஆரம்பிச்சிருச்சு" என்று
எதிர்க்கடை அழகுசுந்தரம் டீக்காரரிடம் சொன்னது
ஐந்தாம் கண்ணாடியில் உதட்டசைவாகத் தெரிந்தது.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
ரசம் உரிந்த இடத்தை.
சரி, கொஞ்சம் முகத்தையும்.

பையன் போனபின் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
மைக்கு அடியில் பென்சில்.
முதலில் ஒல்லியாகத்தான் வரைந்திருக்கிறான்.
கை மடியில் கிடக்கிறது,
கண் இரண்டும் தரையில்.
கண்ணாடியே இல்லை.
இப்படி ஒருத்தியை
அவன் எங்கோ பார்த்திருக்க வேண்டும்.
பிறகு வாடகை பாக்கியோ என்னவோ,
அவள் மேலேயே இவளைப் பெருக்கிவிட்டான்.

ஓரத்தில் ஈரக்கறை.
அரை அங்குலம் மவுண்ட் ஏறினால் மறைந்துவிடும்.
ஸ்கேலை வைத்தேன். எடுத்தேன்.
பிளேடு மாற்றினேன்.
இரண்டு அங்குலத்துக்கு வெட்டினேன்.

தாளில் ஒரு கீறல் இல்லை.
அட்டைக்கு அடியில்தான் இருக்கிறார்கள் இருவரும்,
வயிற்றைப் பிடித்தபடி.
ஒரு செருப்பு நுனி மட்டும்
வெள்ளிக் கொக்கியோடு வெளியே நீட்டுகிறது.
இன்னும் கால் அங்குலம் போனால் அதுவும் போகும்,
கூடவே அவள் முழங்கையும் போகும்.
விட்டுவிட்டேன்.
புருஷனையும் விட்டுவிட்டேன்,
முறைத்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"என்னமோ குறையுதேக்கா?"
"குறை இல்லப்பா, கறை."

பில் எழுதினேன்.
மவுண்ட் ஒன்று, கண்ணாடி ஒன்று, கொக்கி இரண்டு.
இடது ஓரத்தில் கறை,
மறைத்துத் தரப்பட்டது.
அதற்குக் கூலி போடவில்லை.